சால் நிலைக்குத் தேக்கு ஆர்க்கிட்ரேவ்: மரக்கணக்கு, மூலை இணைப்பு, பாலிஷ்

புதுவீடு_திருச்சி:

வணக்கம். வீட்டுக்குள் மொத்தம் 6 கதவுகள். நிலை எல்லாம் மலேசியா சால், 5-க்கு 3 அங்குலம். வெளி அளவு 3 அடி 3 அங்குலம் அகலம், 7 அடி உயரம். சுவருக்குப் பட்டி பார்த்து ப்ரைமர் அடித்தாயிற்று. நிலையும் பூச்சும் சேரும் இடத்தில் எல்லாக் கதவிலும் விரிசல் தெரிகிறது. சில இடங்களில் பூச்சு நிலையைவிட 3, 4 மி.மீ. முன்னால் நிற்கிறது.

இருபுறமும் 3 அங்குல அகலத்தில் தேக்கு ஆர்க்கிட்ரேவ் (நிலையும் சுவரும் சேரும் இடத்தை மறைக்கும் சட்டம்) போட வேண்டும். கடையில் கிடைக்கும் பீடிங் வடிவம் வேண்டாம். பழைய வீட்டிலிருந்து எடுத்து வைத்த தேக்கு ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் உள்வளைவும் அதை ஒட்டி ஒரு அரைவட்டமும் ஓடும். அதே வடிவம் வர வேண்டும்.

எத்தனை கன அடி எடுக்கலாம்? வடிவத்தை எப்படி இழைப்பது? மூலை விரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பாலிஷ்காரர் சாதாரண சேண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளை அடைக்கும் அடிப்பூச்சு) இரண்டு கை, அதன்மேல் பியூ (பாலியூரிதேன் பாலிஷ்) என்கிறார். சரிதானா? பாத்ரூம் கதவும் இந்த ஆறில் இரண்டு.

இழைப்புளி:

கணக்கிலிருந்து தொடங்கலாம். 3 அங்குலத்தில் 1 அங்குலம் நிலைமேலும் 2 அங்குலம் சுவர்மேலும் உட்காரட்டும். அப்படியானால் கால் ஒவ்வொன்றும் 7 அடி 2 அங்குலம், தலைச்சட்டம் 3 அடி 7 அங்குலம். ஒரு பக்கத்துக்கு 18 அடி, ஆறு கதவுக்கும் இருபுறமும் சேர்த்து 216 அடி ஓட்டம். இழைத்த அளவு 3 அங்குலத்துக்கு 20 மி.மீ. வர, அறுத்த அளவு மூன்றேகால் அங்குலத்துக்கு 1 அங்குலம் வேண்டும். அது 5 கன அடிக்குச் சற்றுக் குறைவு. ரம்பத்தூள், வெள்ளை (வெளிமரம்), கணு, கோணல் எல்லாம் கழிய ஆறரை கன அடி எடுங்கள். ஏழரை அடி நீளம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 7 அடித் துண்டு வாங்கினால் கால் எட்டாது, ஒட்டுப்போட வேண்டிவரும்.

கனம் 20 மி.மீ. வேண்டும் என்பதற்குக் காரணம் சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் டைல். டைலும் கலவையும் சேர்ந்து 12 முதல் 15 மி.மீ. வரை சுவரைவிட்டு வெளியே நிற்கும். ஆர்க்கிட்ரேவ் அதைவிடத் தடித்திருந்தால்தான் டைலின் முனை அதில் முட்டி மறையும்.

இந்த வேலையில் எனக்கு வடிவத்தைவிட மரம் காய்ந்திருப்பதுதான் முக்கியம். டிப்போவில் அறுத்துக் கொடுக்கும் தேக்கு பெரும்பாலும் 18 சதவீத ஈரத்துக்கு மேல் இருக்கும். உங்கள் ஊரில் வீட்டுக்குள் அது 12-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தேக்கு குறைவாகச் சுருங்கும் மரம்தான். ஆனாலும் அந்த 6 சதவீத இறக்கத்தில் 75 மி.மீ. அகலப் பலகை முக்கால் மி.மீ.க்கு மேல் சுருங்கிவிடும். நீளம் அநேகமாக மாறாது, அகலம் மட்டும் குறையும். அதனால் 45 டிகிரியில் சேர்த்த மூலையின் உள்பக்கம் வாய் திறக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதினால் வெளிமுனை திறக்கும். எந்தப் பசையாலும் இதைத் தடுக்க முடியாது.

ஆகவே அறுத்த பலகைகளை வீட்டுக்குள்ளேயே, இரண்டடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, காற்று புகும்படி மூன்று நான்கு வாரம் அடுக்கி வையுங்கள். ஈரமானி இல்லையென்றால் நடுப்பலகையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதன் வெட்டுமுனைகளில் பெயின்ட் பூசி அடுக்கிலேயே வைத்து, சமையலறைத் தராசில் சில நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்றால் இழைக்கலாம்.

வடிவத்துக்கு ஜன்னல் சட்டத்தின் வெட்டுமுனையைத் தாளில் வைத்துக் கூர்ப் பென்சிலால் வரையுங்கள். முனை மறைந்திருந்தால் முள்வரிசை உள்ள ப்ரொஃபைல் கேஜை அழுத்தி எடுக்கலாம். ஆரத்தை அளந்தபின் உள்வளைவுக்கு ஒன்று, அரைவட்டத்துக்கு ஒன்று என ரவுட்டருக்கு (ஓரத்தில் வடிவம் வெட்டும் சுழல் கருவி) இரண்டு கார்பைடு பிட் வாங்குங்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரண எஃகு பிட் 216 அடி தாங்காது, பாதியில் மழுங்கி மரத்தைக் கருக்கிவிடும்.

மூன்று அங்குலமாகக் கிழித்துவிட்டு ரவுட்டரில் ஓட்டாதீர்கள். ஏழு அங்குலப் பலகையாக வைத்து இரண்டு ஓரத்திலும் வடிவம் எடுத்தபின் நடுவில் கிழியுங்கள். பலகை ஆடாது, விரலும் பிட்டிலிருந்து தள்ளி நிற்கும். ஒரு ஓட்டத்துக்கு 3 மி.மீ. ஆழம் போதும். கடைசி ஓட்டத்துக்கு அரை மி.மீ. மட்டும் மிச்சம் வைத்தால் நார் பெயராது. ரவுட்டர் மேசையில் பலகையை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். மாற்றித் தள்ளினால் பிட் பலகையைப் பிடுங்கி எறியும். கருகல் தெரிந்தால் தள்ளும் வேகம் போதவில்லை, அல்லது பிட்டில் பிசின் ஏறியிருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். முகக்கவசம் கட்டாயம்.

கதவு ஒன்றோ இரண்டோதான் என்றால் பழைய ரம்பத் தகட்டை அரத்தால் அந்த வடிவத்துக்கு எதிர்வடிவமாகத் தேய்த்து, ஒரு கட்டையில் செருகி, நீளவாக்கில் சுரண்டியே வடிவத்தைக் கொண்டுவந்துவிடலாம். அதில் வரும் விளிம்பின் கூர்மை ரவுட்டரில் வராது. 216 அடிக்கு அது கட்டுபடியாகாது. இழைப்பு மில்லில் கத்தி அரைத்துத் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பலகையின் முதுகில் இரு ஓரமும் 10 மி.மீ. விட்டு, நடுவில் 2 மி.மீ. குழித்துவிடுங்கள். ஓரங்கள் மட்டும் படியும், நடு தூக்கி ஆடாது.

மூலைமட்டம்:

இழைப்புளி சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. பூச்சு 4 மி.மீ. முன்னாடி நிற்கிற இடத்தில் சட்டத்தை அப்படியே வச்சா அது சாய்ஞ்சு உட்காரும். 45 டிகிரி துல்லியமா வெட்டினாலும் முகத்தில் இடைவெளி தெரியும். ஆசாரி மேல தப்பு சொல்வாங்க, தப்பு சுவர்ல இருக்கும். முதல்ல நிலைமேல நேர்ச்சட்டம் வச்சுப் பாருங்க. பூச்சு அரை அடி நீளத்துக்குத் துருத்தினா தேய்ப்புக்கல்லால தேய்ச்சு இறக்குங்க. முழு உயரத்துக்கும் துருத்தினா சட்டத்தோட முதுகில் சுவர்மேல உட்காரும் 2 அங்குலத்தை 3 மி.மீ. சீவிடுங்க.

நிலையோட மூலை 90 இருக்கும்னு நம்பி வெட்டக்கூடாது. பெவல் கேஜ் வச்சுக் கோணத்தை எடுத்துப் பாதியாக்குங்க. 91 இருந்தா ரெண்டு துண்டும் நாற்பத்தஞ்சரை. கழிவுத் துண்டில் வெட்டிப் பொருத்திப் பார்த்துட்டுதான் நல்ல மரத்தில் கத்தி வைக்கணும்.

கால் ரெண்டையும் தலைச்சட்டத்தையும் தரையில் கவிழ்த்துப் போட்டு முதல்ல மூலையைச் சேர்த்துடுங்க. தேக்கில் எண்ணெய் இருக்கு. வெட்டுமுகத்தைத் தின்னர்ல துடைச்சு, காய்ஞ்ச உடனே பசை போடுங்க. வெட்டி ஒரு நாள் விட்டா எண்ணெய் மேல வந்துடும். வெட்டுமுனை பசையைக் குடிக்கும். அதனால ஒரு கை தடவி அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி தடவுங்க. முதுகுப் பக்கம் மூலைக்குக் குறுக்கா ஒரு பிஸ்கட்டோ (பள்ளத்தில் செருகுற சின்ன மரத்தகடு) 6 மி.மீ. ப்ளை துண்டோ பதிச்சா போதும். ராத்திரி முழுக்க காயட்டும், அப்புறம் மூணும் ஒரே சட்டமா நிலைக்கு ஏறும். சுவர்ல வச்சு ஒவ்வொரு துண்டா அடிக்கிறதைவிட இது எவ்வளவோ மேல்.

நிலைப் பக்கம் எஃப்30 பின் (30 மி.மீ. நீள மெல்லிய ஆணி), ஒரு அடிக்கு ஒண்ணு. சால் ரொம்ப கெட்டி. பின் வளைஞ்சா 1 மி.மீ. பிட்ல துளை போட்டுத் தலையில்லா ஆணியைக் கையால அடிங்க. சுவர்ப் பக்கம் ஆணியே வேண்டாம், கட்டுமானத்துக்கான பியூ பசையைப் பொட்டு பொட்டா வச்சு அழுத்துங்க. கான்க்ரீட் ஆணி அடிச்சா மரமும் பிளக்கும், பூச்சும் உதிரும். சுவரோரத்தில் மிஞ்சும் மயிரிழை இடைவெளிக்கு அக்ரிலிக் சீலன்ட், அதுக்குமேல சுவர் பெயின்ட். மரக்கலர் பட்டி வச்சு அடைச்சா ஒரு வெயில் காலத்தில் வெடிச்சுடும்.

பாத்ரூம் ரெண்டுக்கும் நான் 45 டிகிரி போட மாட்டேன். அங்க ஈரம் ஏறி இறங்கிட்டே இருக்கும். மேல் மூலையில் மூணேகால் அங்குலச் சதுரக் கட்டை, 24 மி.மீ. கனம், அதில் கால் நேரா முட்டட்டும். சுருங்கினாலும் ஊதினாலும் கோடு நேராவே இருக்கும். கீழேயும் கால் தரையைத் தொடக்கூடாது. நம்ம வீடுகள்ல தரையைத் தண்ணி ஊத்திக் கழுவுவாங்க. வெட்டுமுனை அந்தத் தண்ணியை உறிஞ்சி, பாலிஷுக்கு அடியில ஒரு சாண் உயரம் கறுத்துப்போகும். 4 மி.மீ. தூக்கி நிறுத்தி, முனைக்கு மூணு கை சீலர் ஊற ஊறக் குடுத்து, அந்த இடைவெளியில் சிலிக்கான் விடுங்க.

பியூ_பட்டறை:

பாலிஷ்காரர் சொன்ன வரிசையை ஒப்புக்கொள்ளாதீர்கள். கடையில் சேண்டிங் சீலர் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர். அது எப்போதும் தின்னரில் கரையக்கூடிய மென்மையான படலம். அதன்மேல் கெட்டியான பியூ ஏறினால், அடிப்படலம் பியூவின் தின்னரில் சுருண்டு எழும்பலாம், அல்லது பின்னாளில் மேலே நுண்விரிசல் விழலாம். பியூவுக்கு அடியில் பியூ சீலர்தான். தின்னரும் அப்படியே. என்.சி. தின்னரில் ஆல்கஹால் வகைக் கரைப்பான்கள் கலந்திருக்கும். அவை பியூவை இறுகவைக்கும் ஹார்ட்னரைத் தின்றுவிடும். படலம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும், நகத்தால் கீறினால் வரும்.

வீட்டுக்குள் மட்டும் என்றால் மெலமைன் பாலிஷ்கூடத் தாங்கும். விலை குறைவு, சீக்கிரம் காயும். ஆனால் காயும்போது ஃபார்மால்டிஹைடு நெடி கண்ணை எரிக்கும், குடிவந்த வீட்டில் வேண்டாம். பாத்ரூம் கதவுகளுக்குப் பியூதான் சரி. ஆறுக்கும் ஒன்றாகவே போடுங்கள், இல்லாவிட்டால் பளபளப்பு பொருந்தாது.

தேய்ப்பு 120, 180, 220 நம்பர் உப்புத்தாள் என்ற வரிசையில். 120-ஐத் தாண்டிக் குதித்தால் ரவுட்டர் விட்ட குறுக்கு அலைகள் பாலிஷ் ஏறியபின்தான் தெரியும். சீலர் ஏறாத வெறும் மரத்தில் 220-க்கு மேல் போக வேண்டாம், சீலர் உள்ளே இறங்காது. வளைவுக்குள் விரலால் தேய்த்தால் விளிம்பு மழுங்கிவிடும். பழைய ரப்பர் செருப்பை வடிவத்துக்கு வெட்டி, அதில் தாளைச் சுற்றித் தேய்த்தால் கோடு கூர்மையாக நிற்கும்.

சட்டத்தைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்பே முதுகு உட்பட எல்லாப் பக்கமும் ஒரு கை சீலர் அடியுங்கள். முதுகைச் சீலர் இல்லாமல் விட்டால் பூச்சின் ஈரம் அந்தப் பக்கம் மட்டும் ஏறி, பலகை குவியும். முகத்தில் இரண்டாம் கை சீலரும் முதல் கை டாப்பும் (பியூ மேல்பூச்சு) தரையிலேயே முடியட்டும். கடைசிக் கை மட்டும் ஏற்றியபின்.

ஆணித்துளைக்குத் தேக்குத்தூளும் ஃபெவிகாலும் பிசைந்து வைப்பது வழக்கம். அந்த இடம் கறுத்துத் தெரியும், பசை சிதறிய இடத்தில் ஸ்டெயின் ஏறாது. சட்டம் ஏறியபின், கடைசிக் கைக்கு முன்னால் தின்னர் வகை மர ஃபில்லரை நிறம் பார்த்து வையுங்கள். சீலர் பட்ட மரத்தின் நிறம்தான் கடைசியில் நிற்கும் நிறம். சால் நிலையைத் தேக்கு நிறத்துக்குக் கொண்டுவர ஸ்டெயின் அடிப்பதாக இருந்தால் அது சீலருக்கு முன்னால்.

கைகளுக்கு நடுவே 320, கடைசிக் கைக்கு முன் 400. முகமும் இரு ஓரங்களும் சேர்ந்து ஏறத்தாழ 90 சதுர அடி, ஒரு கைக்கு ஒரு லிட்டர் கலவை போதும். ஸ்ப்ரே என்றால் கொஞ்சம் பறக்கும். ஹார்ட்னர் அளவை டப்பாவில் போட்டபடி அளவுக்குவளையில் பாருங்கள், கண்ணளவு கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஆகும் அளவே கலக்குங்கள். மழை நாளில் ஸ்ப்ரே வேண்டாம். காற்றின் ஈரம் ஹார்ட்னரோடு சேர்ந்து வாயு விடும், படலத்தில் ஊசிக்குமிழ் நிற்கும். கனமாக ஒரே கை அடித்தாலும் அதே குமிழ்தான்.

புதுவீடு_திருச்சி:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஒரு படுக்கையறைக் கதவில் நிலையிலிருந்து பக்கச்சுவர் ஒன்றரை அங்குலத்திலேயே வந்துவிடுகிறது. சுவர்மேல் 2 அங்குலத்துக்கு இடமில்லை. அந்தக் காலை மட்டும் ஒல்லியாக இழைக்கலாமா?

மூலைமட்டம்:

ஒல்லியா இழைச்சா மூலைக்கோடு 45-ல் விழாது, வடிவமும் சந்திக்காது. முழு அகலத்திலேயே மூலையைச் சேர்த்துடுங்க. பசை காய்ஞ்சதும் நிலையோரத்திலிருந்து பக்கச்சுவர் வரைக்கும் உள்ள தூரத்தை மேலே, நடுவுல, கீழேன்னு அளந்து, அதோட நிலைமேல ஏறுற 1 அங்குலத்தைக் கூட்டி, காலோட உள்ளோரத்திலிருந்து அந்த அளவுகள்ல கோடு போடுங்க. சுவர் வளைஞ்சிருந்தா கோடும் வளையட்டும். காலோட வெளியோரத்தையும் தலைச்சட்டத்தோட முனையையும் ஒண்ணா அந்தக் கோட்டில் வெட்டுங்க, முதுகுப் பக்கம் ரெண்டு டிகிரி உள்சாய்வா. வடிவம் சுவருக்குள்ள போய் மறையற மாதிரி தெரியும். வெட்டின ஓரத்துக்கு மறுபடி சீலர் குடுக்க மறக்காதீங்க.