மறு: "பொருளாதாரக் கூபே"யும் புதுப்பித்த காரும் - ரெஸ்டோரேஷனுக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

நேற்று இங்கே ஒரு கார் விளம்பரத்தின் தமிழாக்கம் வந்தது. எந்திரம் மொழிபெயர்த்தது என்று அனுப்பியவரே ஒப்புக்கொண்டுவிட்டதால் திட்டுவதற்கும் ஆளில்லை.

> புதுப்பிக்கப்பட்ட பழங்கால இத்தாலியப் பொருளாதாரக் கூபே விற்பனைக்கு.

ஆறு சொற்களில் நான்கு தகராறு. "இத்தாலிய", "விற்பனைக்கு" இரண்டும்தான் தப்பித்தன.

முதலில் வண்டி எது என்று பார்த்துவிடுவோம். விளம்பரத்தில் இருப்பது 1967இல் செய்த ஃபியட் 850 கூபே. நம் ஊரில் ஃபியட் என்றால் 1100தான், அப்புறம் அதுவே பெயர் மாறி வந்த பத்மினி. அந்த உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கக் கூடாது. 850 கூபேக்கு எஞ்சின் பின்னால் இருக்கும். முன் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கிற இடம்தான். 1964இல் வந்த சாதாரண 850இன் அடித்தளத்தில், தாழ்வான கூரையும் இரண்டு கதவுமாக 1965 ஜெனீவா கண்காட்சியில் இதை இறக்கினார்கள். 843 சி.சி., 47 குதிரைத்திறன், மணிக்குச் சுமார் 135 கிலோமீட்டர். பின் இருக்கை பெயருக்கு இருக்கிறது, குழந்தைகள் உட்காரலாம். 1968இல் எஞ்சினை 903 சி.சி.யாக்கி, முன்விளக்குகளையும் இரண்டிலிருந்து நான்காக்கினார்கள்.

அதாவது சம்பளக்காரர் வாங்கக்கூடிய வண்டி, கொஞ்சம் மிடுக்கோடு. இதற்குப் போய் "பொருளாதாரக் கூபே" என்றால் நிதி அமைச்சகத்து வண்டி போல இருக்கிறது. "சிக்கன" என்று போட்டால் வேலை முடிந்தது. "மலிவு" வேண்டாம், அது தரத்தையும் சேர்த்து இறக்கிவிடும். இத்தாலியர்கள் இந்த வகைக்கு உத்திலித்தாரியா என்கிறார்கள். அதில் விலையும் இல்லை, எரிபொருளும் இல்லை, பயன்படுகிற வண்டி என்பதுதான் பொருள். நம்மிடம் அப்படி ஒரு பார்வை இருந்திருந்தால் "புழங்கு கார்" என்று வந்திருக்கும். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் போட்டால் யாருக்கும் புரியாது.

> கூபேக்கு "வெட்டுந்து" என்று பரிந்துரைக்கிறேன். பிரெஞ்சில் வெட்டியது என்றுதானே பொருள்?

பொருள் அதுதான் ஐயா. இரண்டு வரிசை இருக்கை எதிரெதிரே இருந்த குதிரை வண்டியில் முன்வரிசையை வெட்டி எடுத்துவிட்டுச் செய்த குட்டை வண்டிக்கு வைத்த பெயர். ஆனால் "வெட்டுந்து" என்றால் வீட்டில் அரிவாளைத் தேடுவார்கள். இத்தாலியர்களே பிரெஞ்சுச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறார்கள். நமக்கோ அது ஏற்கெனவே பழகியது. ரயிலில் முதல் வகுப்பில் இரண்டு பேர் மட்டும் படுக்கிற அறைக்குப் பெயர் கூபே. அதுவும் இதுவும் ஒரே வேர். விட்டுவிடலாம்.

"பழங்கால" சங்க காலத்தை நினைவூட்டுகிறது. "பழைய" போதும்.

சரி, இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். ரெஸ்டோர் செய்த, அதாவது பழைய நிலைக்குக் கொண்டுவந்த காரைப் "புதுப்பித்த கார்" என்று சொல்லலாமா? கூடாது என்பது என் கட்சி.

லைசென்ஸைப் புதுப்பிக்கிறோம், சந்தாவைப் புதுப்பிக்கிறோம். பழையது காலாவதியாகிப் புதியது வருகிறது. ரெஸ்டோர் செய்பவர் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். என் தகப்பனாரின் பத்மினியை ஒரு ஷெட்டில் விட்டேன். "புதுசாக்கிக் குடுத்துடறோம் சார்" என்றார்கள். சொன்னதைச் செய்தார்கள். துரு பிடித்த இடமெல்லாம் பட்டி என்கிற நிரப்புப் பசையைப் பூசி, உலோகப் பளபளப்பு நிறம் அடித்து, இருக்கைக்கு இரண்டு வண்ண ரெக்சின் தைத்து, டாஷ்போர்டைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். வண்டி புதுசாகத்தான் இருந்தது. அப்பாவின் வண்டியாக இல்லை. அந்தச் சொல்லை நம்பிக் கொடுத்த தப்பு என்னுடையது.

> "மீட்டமைப்பு" என்று கணினித் தமிழில் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. கைபேசியை மீட்டமைத்தால் என்ன ஆகும்? உள்ளே இருந்த படம், எண், எல்லாம் போகும். பழைய காருக்கு அதைவிடக் கெட்ட உவமை கிடையாது.

> ஜீர்ணோத்தாரணம் என்று கச்சிதமான சொல் இருக்க, ஏன் அலைகிறீர்கள்?

சிதைந்ததைத் தூக்கி நிறுத்துதல். பொருள் கச்சிதம்தான், மறுக்கவில்லை. கல்வெட்டில் நம் பக்கத்துச் சொல்லும் உண்டு: புதுக்குதல். கோயிலைப் பழுது பார்க்க விட்ட நிலத்துக்குப் புதுக்குப்புறம் என்று பெயர். ஆனால் அதிலும் "புது" வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருப்பணி என்ற பெயரில் தூண்களில் மணல் வீச்சு அடித்துக் கல்லின் மேல்தோலையே உரித்த கதை நமக்குத் தெரியும். கார் துருவை எடுக்கவும் அதே மணல் வீச்சுதான், மெல்லிய தகட்டில் கை தவறினால் நெளிந்துவிடும். கருவி ஒன்று, ஆபத்தும் ஒன்று.

"பழையபடி ஆக்கு" என்பது பேச்சில் எவ்வளவு இயல்பாக வருகிறது! அதிலிருந்து "பழம்படியாக்கம்" என்று போன வாரம் சொல்லிப் பார்த்தேன். "படி என்றால் நகல் என்றும் பொருள், பழம்படி என்றால் போலி வண்டி என்று படிப்பார்கள்" என்று ஓர் அம்மா ஒரே வரியில் அதை முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. "முன்னிலை மீட்பு" என்று ஒருவர் எழுதினார். முன்னிலை என்றதும் தன்மையும் படர்க்கையும் ஓடி வருகின்றன.

ஆனால் அந்த "மீட்பு" என் மனதில் தங்கிவிட்டது. நகையை அடகு வைத்துவிட்டு எப்படிப் பேசுகிறோம்? "மீட்டுக்கொண்டு வந்தேன்" என்கிறோம். வைத்த அதே சங்கிலி திரும்பி வந்தால்தான் மீட்பு. கடைக்காரர் அதே எடையில் வேறு சங்கிலி கொடுத்தால், அது எவ்வளவு பளபளத்தாலும் யாரும் மீட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். நான் தேடிய பொருள் இதுதான்: அதே வண்டி, துருவின் கையிலிருந்து திரும்பி வருவது.

வெறும் "மீட்ட கார்" என்றால் திருட்டுப் போய்ப் போலீஸ் மீட்ட கார் ஆகிவிடும். அதனால் நிலைமீட்பு. நிலைமீட்ட கார், நிலைமீட்பாளர், நிலைமீட்புச் செலவு. வினையாகவும் பெயராகவும் வளைகிறது.

இதை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ள வேண்டாம். இத்தாலிய விளம்பரங்களில் ரெஸ்தவ்ராத்தா, கொன்செர்வாத்தா என்று இரண்டு சொல் தனித்தனியாக வரும். முதலாவது நிலைமீட்ட வண்டி. இரண்டாவது, பிரித்து வேலை செய்யாமல் அப்படியே பாதுகாத்துவந்த வண்டி. அதற்குப் "பேணிய கார்" என்று வைக்கலாம். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் பேணுவதையும் நிலைமீட்பையும் பிரித்தே பேசுகிறது. அதற்கு முன்மாதிரி கட்டடங்களுக்காக 1964இல் வந்த வெனிஸ் சாசனம். அனுமானம் தொடங்குகிற இடத்தில் நிலைமீட்பு நின்றுவிட வேண்டும் என்கிறது அது. முதல் நிறம் எது என்று தெரியாமல், இத்தாலிய வண்டிதானே என்று சிவப்பு அடித்தால் அனுமானம் தொடங்கிவிட்டது.

ஆக விற்பவர் நிலைமீட்பு என்று எழுதினால் வாங்குபவர் சில கேள்விகள் கேட்கலாம். 1967 வண்டி என்கிறீர்களே, உள்ளே இருப்பது 843 எஞ்சினா, பிற்பாடு வந்த 903ஐத் தூக்கி வைத்ததா? கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை வெட்டி ஒட்டியிருக்கிறதா, பட்டியா? காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தால் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. இதே விளம்பரத்தில் கறுப்பு எண் பலகை என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். இத்தாலியில் 1985 வரை கறுப்புப் பலகைதான். அந்தக் காலத்துப் பலகையே இன்னும் வண்டியில் இருந்தால் அதற்குப் பிறகு புதிய எண்ணுக்கு மாறவில்லை என்று அர்த்தம். "புதுப்பித்த" என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வி எதற்குமே இடமில்லை, புதுசாகத்தானே இருக்கிறது என்று கையை விரித்துவிடலாம்.

குறை இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
பத்மினி வைத்திருந்தவன்

---

மறு: மறு: ரெஸ்டோரேஷனுக்கு என்ன சொல்?

விளம்பரத்தை அனுப்பியவன் நான்தான். நிலைமீட்பு எனக்குச் சம்மதம். ஒரே ஒரு சந்தேகம், ஐயா. எந்த நிலை? ஃபியட்டின் டூரின் ஆலையிலிருந்து வெளியே வந்த நாளின் நிலையா, முதல் சொந்தக்காரர் பத்து வருடம் ஓட்டிய நிலையா? அவர் ஆசையாக ஒரு ரேடியோ மாட்டியிருந்தால் அதைக் கழற்றுவதா வைப்பதா?

---

மறு: மறு: மறு: ரெஸ்டோரேஷனுக்கு என்ன சொல்?

நல்ல கேள்வி, என்னிடம் ஒரு பதில் இல்லை. நானாக இருந்தால் ரேடியோவை விட்டுவைப்பேன், என் டாஷ்போர்டு போன வயிற்றெரிச்சல் அப்படி. சொல் இதைத் தீர்க்காது. "ஆலை நிலைக்கு மீட்டது" என்று விற்பவர் அடைமொழி சேர்த்துக்கொள்ளட்டும். உங்கள் வரியை இப்படி வைத்தால் என்ன?

> நிலைமீட்ட பழைய இத்தாலியச் சிக்கனக் கூபே விற்பனைக்கு. ஃபியட் 850, 1967. கறுப்பு எண் பலகையுடன்.

---

மறு: மறு: மறு: மறு: ரெஸ்டோரேஷனுக்கு என்ன சொல்?

அப்படியே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். நிலைமீட்பைப் பற்றி உதவி ஆசிரியர் ஒன்றும் கேட்கவில்லை. கூபே என்றால் என்ன என்றார். ரயிலில் வருமே, அதே சொல்தான் என்றேன். "அப்போ ரெண்டு பெர்த்தா?" என்று கேட்கிறார்.