பபிள் சீபேப்: ‘மூச்சூட்டி’ வேண்டாம், ‘மூச்சுத்துணை’ வைப்போம்

வணக்கம்.

மூச்சுவிடச் சிரமப்படும் சிறுபிள்ளைகளுக்கு உதவும் ‘பபிள் சீபேப்’ (bubble CPAP) கருவிக்கு நம் கையேட்டில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு இது என் பதில். நம்மில் ஒரு அக்கா சொன்ன ‘குமிழி மூச்சூட்டி’ வாயில் நன்றாக வருகிறது. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. ஊட்டுவது வென்டிலேட்டரின் வேலை. இங்கே மூச்சு விடுவது பிள்ளைதான். பிள்ளை வெளிவிடும் காற்றும் மிஞ்சும் ஒட்சிசனும் தண்ணீரில் அமிழ்ந்த குழாய் வழியே குமிழியாக வெளியேறும். குழாய் நுனி 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால் அந்த அளவு நீரமுக்கம் சுவாசப்பைக்குள் நின்று, சிற்றறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும். நுவரெலியா உயரத்திலும் இந்தக் கணக்கு மாறாது.

மூச்சு நின்றுபோன பிள்ளையையும் ‘மூச்சூட்டி’ காப்பாற்றும் என்று ஒருவர் நம்பிவிட்டால்? அதுதான் என் பயம்.

டாக்காவில் மருத்துவர் ஜோபாயர் சிஸ்தி குழுவினர் ஷாம்பு போத்தலை வைத்தே இதைச் செய்தார்கள். 2015இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், கடும் நியூமோனியா வந்த சிறுபிள்ளைகளில் வழக்கம்போல் குறைந்த ஓட்டத்தில் ஒட்சிசன் பெற்றவர்களில் 15 வீதமானோர் இறந்தார்கள். இந்தக் கருவியில் இருந்தவர்களில் 4 வீதம். ஆனால் மலாவியில், மருத்துவர் தினமும் வந்து பார்க்காத ஒரு மாவட்ட வைத்தியசாலையில், ஆபத்து கூடிய பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது இறப்பு கூடத்தான் செய்தது. நம் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் இரவில் டொக்டர் இருப்பாரா? மண்சரிவில் வீதி மூடினால் டிக்கோயா வைத்தியசாலைக்குக்கூடக் கொண்டுபோக முடியாது. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கே தட்டுப்பாடு வந்ததே, அப்படிப்பட்ட காலத்தில்தான் இந்த மலிவுக் கருவிகளை நம்ப வேண்டிவரும்.

‘மூச்சுத்தாங்கி’ என்று வைத்தாலும் பொருளில் சரிதான். ஆனால் நமக்குத் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி. ஒட்சிசன் சிலிண்டர் என்றே நினைப்பார்கள். அதனால் ‘குமிழி மூச்சுத்துணை’ என்கிறேன்.

‘குமிழி’யை மட்டும் விட வேண்டாம். குமிழி நின்றால் குழாய் கழன்றிருக்கும், அல்லது எங்கோ காற்று ஒழுகும். பக்கத்தில் இருக்கும் தாயே பார்த்துத் தாதியைக் கூப்பிடலாம். ஆனால் குமிழி வருகிறது என்பதற்காகப் பிள்ளை மூச்சு விடுகிறது என்று அர்த்தமில்லை. பிள்ளை மூச்சு விடாவிட்டாலும் ஒட்சிசன் ஓட்டமே குமிழி எழுப்பிவிடும். கையேட்டில் பெயருக்கு அடுத்த வரியிலேயே இது வர வேண்டும்.

அப்புறம், ‘அமுக்கம்’ என்பதற்குப் பதிலாகத் தமிழ்நாட்டு நண்பர் கேட்ட ‘அழுத்தம்’ என்ற சொல். இங்கே பிள்ளைகள் பள்ளியில் படிப்பது அமுக்கம். அழுத்தம் மின்சாரப் பாடத்தில் வரும் சொல். ஆவணங்களில் ‘தொடர் நேர்-அமுக்கக் குமிழி மூச்சுத்துணை’ என்று முழுதாக எழுதலாம், வார்டில் சுருக்கமே போதும்.

தண்ணீரில் அமிழும் அந்தக் குழாய்க்கு ‘ஆழக்குழாய்’ என்று வைக்கலாமா? தாதியர் யாராவது சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.