கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு எடுத்தார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை, ஐ.டி.:

நானே தொடங்கி வைக்கிறேன். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனம், பெயர் வேண்டாம். 2023-ல் நடந்தது. ஸ்கேனுக்கு லீவு கேட்டபோதுதான் மேனேஜருக்கு விஷயம் தெரியும். அதுவரை "உங்களை விட்டா ஆள் இல்லை" என்றவர், கொஞ்ச நாளில் "ப்ராஜெக்ட் முடியுது" என்று இழுக்க ஆரம்பித்தார். அப்புறம் எச்.ஆர். கூப்பிட்டார். காபியெல்லாம் வரவழைத்து அன்பாகப் பேசினார். "நீங்களே ராஜினாமா கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும். நாங்க எடுத்தா அடுத்த கம்பெனியில கேள்வி கேட்பாங்க." டைப் செய்த கடிதம் மேசையில் தயாராக இருந்தது. என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். பெண்கள் சொன்னால் எந்த ஆபீசிலும் யாரும் சந்தேகப்படாத வாக்கியம் இது!

என் சித்தப்பா மில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். போனில் கேட்டதும் அவர் சொன்னது: "கையெழுத்து மட்டும் போட்றாத கண்ணு. எதுன்னாலும் மெயில்ல அனுப்பச் சொல்லு." அதன் காரணத்தை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். நாமாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் மகப்பேற்றுப் பலன், அதாவது 26 வார மகப்பேறு விடுப்புக்கான சம்பளம், கேட்பது பெரும்பாடு. அவர்களே நீக்கினால் பலன் போகாது. அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது: கர்ப்ப காலத்தில் எப்போது நீக்கினாலும், வேலையில் தொடர்ந்திருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அது கிடைத்தாக வேண்டும். கடுமையான ஒழுங்கீனம் என்றால் மட்டும் விதிவிலக்கு. அதற்கும் எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும். அந்தக் காபி எதற்கு என்று அப்போது விளங்கியது.

நான் அசையாததால் நீக்கக் கடிதமே வந்தது. காரணம், வேலைத்திறன் போதவில்லையாம். அதே வருடம் அப்ரைசலில் பாராட்டி எழுதிய மெயில் என்னிடம் இருந்தது. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே அதையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வைத்திருந்தேன். நீக்கத்தை எதிர்த்து முறையிட 60 நாள் அவகாசம் உண்டு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஸ்கேன் ரிப்போர்ட், நியமன உத்தரவு, நீக்கக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாம் இரண்டு நகல்.

விசாரணைக்கு வந்த கம்பெனி ஆள் முதலில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து 26 வாரத்துக்குக் கணக்குப் போட்டார். அந்தச் சட்டப்படி வீட்டு வாடகைப்படியும் ஊதியத்தில் சேர்ந்தது. அதை எடுத்துச் சொன்ன பிறகு தொகை நன்றாகவே கூடியது. பணம் வந்தது. வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த மேனேஜர் முகத்தில் மறுபடி விழிக்க எனக்கு இஷ்டமில்லை.

திருப்பூர், பனியன் கம்பெனி:

எங்களுக்கு மெயில் எல்லாம் ஏதுங்க. செக்கிங்கில் இருந்தேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் "நாளையிலிருந்து வர வேண்டாம், குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம்" என்றார், அவ்வளவுதான். பக்கத்து டேபிள் அக்காதான் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருக்கா என்று கேட்டார். மாதச் சம்பளம் 21,000 வரை இருக்கிறவர்களுக்கு மகப்பேற்றுப் பணத்தைக் கம்பெனி தருவதில்லை, இ.எஸ்.ஐ. கழகம்தான் தருகிறது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் போதும். எனக்கு அதற்கு மேலேயே இருந்தது. முதலாளியிடம் கெஞ்ச வேண்டிய வேலையே இல்லை. இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சான்று வாங்கி, கிளை அலுவலகத்தில் கொடுத்தேன். பணம் நேராக என் வங்கிக் கணக்குக்கு வந்தது. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, அது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள்.

மதுரை, ஒப்பந்த வேலை:

என்னை நீக்கவே இல்லை, "ஒப்பந்தம் முடிந்துவிட்டது" என்றார்கள். எட்டாம் மாதம்! எனக்குக் கை கொடுத்தது, டில்லியில் ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் இருந்த டாக்டர் கவிதா யாதவின் வழக்கு. 2017 ஜூன் 1 முதல் அவர் விடுப்பு கேட்டார். ஒப்பந்தம் ஜூன் 11-ல் முடிகிறது என்று சொல்லி 11 நாளுக்கு மட்டும் பலன் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அதைத் தள்ளி, ஒப்பந்தக் காலத்தைத் தாண்டினாலும் முழுப் பலனும் தர வேண்டும் என்றது. தீர்ப்பை அச்செடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். அப்புறமும் இழுத்தடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

சென்னை, புதிதாகச் சேர்ந்தவர்:

அக்கா, ஒரு சந்தேகம். நான் இன்னும் ப்ரொபேஷனில்தான் இருக்கிறேன். சேர்ந்து மூன்று மாதம் முடிந்துவிட்டது, இப்போது மூன்றாவது மாதம் கர்ப்பம். எனக்கும் இதெல்லாம் உண்டா? பழைய சட்டம் போய்விட்டது என்கிறார்களே?

கோவை, ஐ.டி.:

ப்ரொபேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை மா. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளத்துடன் வந்த விடுமுறை நாட்களும் கணக்கில் சேரும். சட்டம் மாறியது உண்மைதான். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் 80 நாள், 26 வாரம், 60 நாள் முறையீடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஊதியத்தின் விளக்கம் மட்டும் மாறியிருக்கிறது. வாடகைப்படி போன்ற படிகள் இப்போது ஊதியத்தில் சேராது; ஆனால் அவை மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த மிகுதியை ஊதியத்தோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இப்போதே ஒரு மெயிலில் கர்ப்பத்தையும் பிரசவ தேதியையும் தெரிவித்துவிட்டு, அதை உன் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் அனுப்பி வை.