புதுப்பிப்பு: அந்த கட்டைவிரல வெட்டல

போன வாரம் கேட்டிருந்தேன்ல, அப்பத்தா பூ கட்டுற போட்டோல ஓரத்துல தெரியற கட்டைவிரல க்ராப் பண்ணிடவான்னு. நிறைய பேர் வெட்டிடுன்னீங்க, நானும் வெட்டத்தான் இருந்தேன்.

அப்பதான் க்ளாஸ்ல டோரத்தியா லாங்னு ஒரு அமெரிக்க போட்டோகிராஃபர் 1936ல கலிஃபோர்னியால, பட்டாணி பறிக்க வந்தவங்க முகாம்ல எடுத்த அந்த தாய் படத்த காட்டுனாங்க, ரெண்டு பக்கமும் பிள்ளைங்க முகத்த திருப்பிட்டு நிக்குமே, அதுதான். அதுல கீழ் ஓரத்துல கூடாரக் கம்ப புடிச்சிருந்த ஒரு கட்டைவிரல பின்னாடி நெகட்டிவ்லயே அழிக்க வச்சிருக்காங்க. பழைய ப்ரிண்ட்ல விரல் இருக்கு. அந்தம்மா பேரு ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு ஊருக்குத் தெரிஞ்சதே 1978லதான், அது எனக்கு ரொம்ப வலிச்சுது.

வீட்டுக்கு வந்து என் படத்த பெருசு பண்ணிப் பாத்தேன். அது தங்கச்சி விரல், நகத்துல மருதாணி பாதி வளந்து மேல ஏறியிருக்கு, நார் நுனிய இழுத்துப் புடிச்சிருக்கா. அப்பத்தாவுக்கு கண்ணு மங்கல், இவதான் மொட்டு எடுத்துக் குடுப்பா. விரல வெட்டிட்டா அப்பத்தா தனியா கட்டுறாங்கன்னு ஆயிடும், அது உண்மையில்ல.

முழு ஃப்ரேமயும் நாளைக்கு 12க்கு 18 இன்ச்ல ப்ரிண்ட் போடக் குடுக்கறேன்.