ட்ரான்ஸ்கிரிப்ஷன் டிஸ்க்கில் ஸ்பிரிட் ஊற்றச் சொன்ன புண்ணியவான் யார்?

ஊசிமுனை:
ட்ரான்ஸ்கிரிப்ஷன் டிஸ்க்னா ரேடியோ ஸ்டேஷன்ல ஓட்டுறதுக்காக நிகழ்ச்சியைப் பதிஞ்ச தட்டு. அதைச் சுத்தம் செய்யுறதைப் பத்திப் பக்கத்து இழையில் தட்டுப்பித்தன் எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம இங்க போடுறேன்: "ட்ரான்ஸ்கிரிப்ஷன் டிஸ்க்கோ எதுவா இருந்தாலும் சரி, மருந்துக்கடை ஸ்பிரிட் 20 சதவீதம், மீதி டிஸ்டில்டு வாட்டர். துடைச்சா பளபளன்னு ஆயிடும்."

ஆகும். பாட்டு போயிடும், பளபளப்பு மட்டும் மிஞ்சும். அதுல லாக்கர் தட்டுன்னு ஒரு வகை உண்டு, அது என்னன்னு தெரிஞ்சவன் இப்படி எழுத மாட்டான். அடியில அலுமினியத் தகடு, மேல நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, அந்தப் பூச்சு விறைச்சுப் போகாம இருக்க விளக்கெண்ணெய். 1934-ல ப்ரெஸ்டோ கம்பெனி கொண்டுவந்த வித்தை இது. நகப்பாலிஷும் இதே ஜாதிதான். நகப்பாலிஷ் மேல ரிமூவர் என்ன செய்யுதோ, லாக்கர் மேல ஆல்கஹால் அதோட தம்பி வேலையைச் செய்யும். முதல்ல மேல்பரப்பு மங்கும், அப்புறம் க்ரூவோட, அதாவது பாட்டு பதிஞ்ச பள்ளத்தோட, சுவர் இளகும், பஞ்சுல கறுப்பு ஒட்டும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல, நிகழ்ச்சி.

புதுசா வர்றவங்க இதைப் படிச்சுட்டு ஸ்பிரிட் பாட்டிலோட உட்காருவாங்க. யார் பொறுப்பு?

தட்டுப்பித்தன்:
ஊசிமுனை அண்ணே, வணக்கம். முழுசாப் படிச்சுட்டுக் கோபப்படலாமே. அந்த இழையே அமெரிக்கன் டாப் 40-ங்கிற பாட்டு வரிசை ரேடியோ நிகழ்ச்சியோட தட்டுகளைப் பத்தினது. 1970 ஜூலை 4 வாரக்கடைசியில ஏழே ஏழு ஸ்டேஷனோட ஆரம்பிச்ச நிகழ்ச்சி, தொகுப்பாளர் கேஸி கேசம் குரல். மூணு மணி நேரத்துக்கு மூணு எல்.பி., ஆறு பக்கம். 1978 அக்டோபர்ல நாலு மணி நேரம் ஆனதும் நாலு தட்டு, எட்டு பக்கம். அத்தனையும் 12 அங்குல வினைல். லாக்கர் எங்க இருந்து வந்துச்சு?

வினைல்ல ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 25 நிமிஷம் அடைச்சா க்ரூவ் நெருக்கமா வரும், சத்தத்தைக் குறைச்சுத்தான் வெட்ட முடியும். அதனால சாதாரணப் பாட்டுத் தட்டுல காதுல விழாத தூசு இதுல பொரி பொரிக்கும். கைரேகையும் சிகரெட் புகைப் படிவும் வெறும் தண்ணில போகாது. அதுக்குத்தான் ஆல்கஹால். சுருக்கமாத் துடைச்சு, உடனே தண்ணில அலசிட்டா வினைலுக்கு ஒண்ணும் ஆகாது.

ஊசிமுனை:
"எதுவா இருந்தாலும் சரி"ன்னு எழுதினது யாரு? நானா?

பட்டறை:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். ட்ரான்ஸ்கிரிப்ஷன் டிஸ்க்ங்கிற ஒரே பேர்ல ரெண்டு சாமான் இருக்கு. ஒண்ணு நேரடியா வெட்டின லாக்கர், ஒரே பிரதிதான். இன்னொண்ணு அச்சுல அழுத்தி எடுத்த வினைல், நூறு ஸ்டேஷனுக்கு நூறு பிரதி. பல ஊருக்கு அனுப்பி ஓட்டின நிகழ்ச்சின்னா பெரும்பாலும் ரெண்டாவதுதான். கையில எடுத்துப் பார்த்தாலே தெரியும்: நடு ஓட்டைக்குள்ள விரலை விட்டா உலோகம் தட்டுப்படுதா, லேபிள் பக்கத்துல கூடுதலா சின்ன ஓட்டை இருக்கா (வெட்டும்போது தட்டு வழுக்காம இருக்கக் குச்சி மாட்டுற ஓட்டை), லேபிள்ல டைப் அடிச்சோ கையால எழுதியோ இருக்கா. மூணுல ஒண்ணு இருந்தாலும் லாக்கர்னு வெச்சுக்கிட்டு ஆல்கஹாலைத் தள்ளி வையுங்க. முதல்ல எந்தத் தட்டைப் பத்திப் பேசுறோம்னு முடிவு பண்ணுங்க.

ஊசிமுனை:
பட்டறை, வகுப்பு எடுக்க வேண்டாம். கேள்வி ஒண்ணுதான்: ட்ரான்ஸ்கிரிப்ஷன் டிஸ்க்ல ஆல்கஹால் போடலாமா, கூடாதா? கூடாது. முடிஞ்சது.

போர்க்காலத்துல அலுமினியம் கிடைக்காம கண்ணாடி மேல லாக்கர் பூசினாங்க. அதுல விரலால "உலோகம்" தேடிட்டு இருந்தா விளங்கிடும். கண்ணாடித் தட்டை வெளிச்சத்துல ஓரமாப் பிடிச்சுப் பார்க்கணும், கீழ விழுந்தா சோலி முடிஞ்சுது.

லாக்கரைச் சுத்தம் செய்யுற முறையைச் சொல்றேன், எழுதிக்கோங்க. பூச்சு வெடிச்சோ உரிஞ்சோ இருந்தா தண்ணியே படக்கூடாது. வெடிப்புக்குள்ள ஈரம் போனா மிச்சமும் கழண்டு வரும். அந்தத் தட்டை முதல்ல டிஜிட்டல்ல ஏத்திட்டு மத்ததை யோசிக்கணும். பூச்சு கெட்டியா இருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல டெர்ஜிடால் மாதிரி அயனி இல்லாத சோப்பு, நூத்துக்கு அரைப் பங்குக்கு மேல வேண்டாம். லேபிளை மூடி வையுங்க. மெல்லிய பிரஷ், க்ரூவ் போற திசையில மட்டும். உடனே அலசி, உடனே உலர்த்தணும். ஊற வைக்கவே கூடாது.

மேல வெள்ளையாப் பூத்திருக்கும், பூஞ்சைன்னு நினைச்சுச் சில பேர் அதுக்கும் ஸ்பிரிட் தேடுறாங்க. அது பூஞ்சை இல்ல. அந்த விளக்கெண்ணெய் சிதைஞ்சு வெளிய வர்ற கொழுப்பு அமிலம், பால்மிட்டிக், ஸ்டியரிக். விரலால தேய்ச்சா மெழுகு மாதிரி இழுபடும். அப்படியே ஓட்டினா ஊசி முனையில வெள்ளைப் பஞ்சு உருண்டை சேரும், ரெண்டு நிமிஷத்துல சத்தம் கம்மிப்போகும். சுத்தம் செஞ்சாலும் கொஞ்ச நாள்ல திரும்ப வரும். வந்துச்சுன்னா உள்ள எண்ணெய் குறையுது, பூச்சு சுருங்குது, வெடிக்கப் போகுதுன்னு அர்த்தம்.

தட்டுப்பித்தன்:
நல்லா இருக்கு அண்ணே, நிஜமாவே. ஆனா கேஸி கேசம் தட்டுல வெள்ளை பூக்காது.

ஊசிமுனை:
"எதுவா இருந்தாலும் சரி."

ரீல்ராஜா:
தட்டுக்காரங்க சண்டையைப் பார்த்தா பொழுது நல்லாப் போகுது. கிங் பிஸ்கட் ஃப்ளவர் ஹவர்ங்கிற அமெரிக்க ராக் கச்சேரி நிகழ்ச்சி 1973 பிப்ரவரி 18-ல முதல் ஒலிபரப்பு. ஆரம்ப வருஷங்கள்ல ஸ்டேஷனுக்குப் போனது டேப் ரீல். நொடிக்கு 7½ அங்குல வேகத்துல 2500 அடி ரீல் 66 நிமிஷம் ஓடும். பொரி இல்ல, கீறல் இல்ல, ஸ்பிரிட்டும் வேண்டாம். சேகரிக்கிறதுன்னா ரீலைச் சேகரிங்க. தட்டு அடுத்த படிதான், அதுவும் ரீல்ல இருந்து எடுத்ததுதானே.

ஊசிமுனை:
ரீல்ல ஸ்பிரிட் வேண்டாமா? டேப் உரசிப் போற ஹெட்டை எதால துடைக்கிறீங்க, தேங்காய் எண்ணெயிலயா?

தட்டுப்பித்தன்:
அட, ஆல்கஹால் நல்லதுன்னு அண்ணனே ஒத்துக்கிட்டாரு.

ரீல்ராஜா:
ஹெட் வேற, டேப் வேற. அது தெரியாதவங்களோட என்ன பேசுறது. 70-கள்ல வந்த, பின்பக்கமும் பூச்சு பூசின டேப்புகள், ஆம்பெக்ஸ் 456 மாதிரி, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிசுபிசுன்னு ஆகும். ஓட்டினா கீச்சுன்னு கத்தும், ஹெட்ல பழுப்புப் பசை அப்பும். பாதியில நின்னா இழுக்காதீங்க, ஆக்ஸைடு உரிஞ்சு வந்துடும். 54 டிகிரி செல்சியஸ், 8 மணி நேரம் சூடு காட்டணும். வீட்டு அடுப்பு ஓவன் ஆகாது, சூடு ஏறி இறங்கும். பழம் காயவைக்கிற டீஹைட்ரேட்டர், உள்ள தனியா ஒரு தெர்மாமீட்டர். நடுவுல ஒருக்கா ரீலைத் திருப்பிப் போடணும். ஆற விட்டு, சில வாரத்துக்குள்ள டிஜிட்டல்ல ஏத்திடணும். ஈரம் திரும்பி வரும்.

ஊசிமுனை:
படிக்கிறவங்க வீட்டுல இருக்கிற எல்லா டேப்பையும் சுடப் போறாங்க. அசிட்டேட் டேப்பைச் சுட்டா சுருங்கி வளைஞ்சு போகும்னு எழுத மறந்துட்டீங்களா, தெரியாதா? ரீலை விளக்குக்கு நேரா பக்கவாட்டுல பிடிங்க. சுத்துக்குள்ள வெளிச்சம் ஊடுருவினா அசிட்டேட், சுடாதீங்க. இருட்டா இருந்தா பாலியெஸ்டர். போன வருஷம் ஊசி அளவு இழையிலும் இப்படித்தான் பாதி சொல்லிட்டுப் போனீங்க.

ரீல்ராஜா:
அந்த இழையில தப்பு உங்களுது. 16 அங்குலத் தட்டுக்கெல்லாம் 2.5 மில் (ஒரு மில் = அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) ஊசின்னு ஒரே போடாப் போட்டீங்க. பின்னாடி வந்த மெல்லிய க்ரூவ் உள்ள மைக்ரோக்ரூவ் தட்டுல அதை வெச்சா அடி வரைக்கும் இறங்காம மேல் விளிம்புலயே சறுக்கும், க்ரூவ் போச்சு. அதுக்கு 1 மில். யார் பாதி சொன்னது?

ஊசிமுனை:
30, 40-கள் தட்டுன்னு தலைப்பிலேயே இருந்துச்சு. தலைப்பைப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்காக எழுதினேன்.

தட்டுப்பித்தன்:
ஓ, உங்களுக்குத் தலைப்பு உண்டு, எங்க இழைக்குத் தலைப்பு கிடையாது. நல்ல நியாயம் அண்ணே.

கொழும்பான்:
தம்பிமாரே, அமெரிக்காவை விட்டிட்டு கொஞ்சம் இந்தப் பக்கமும் பாருங்கோ. பினாக்கா கீத்மாலா எண்ட ஹிந்திச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி 1952 முடிவிலயே ரேடியோ சிலோனில தொடங்கியாச்சு. அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில ஒலிப்பதிவு செய்ய, டேப் விமானத்தில கொழும்புக்கு வந்தது. பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்லுறதில உந்தக் கேஸி கேசத்துக்கு மூத்தவர் அவர். அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கின நேரம் முழு இந்தியாவும் எங்கட ஸ்டேஷனைத்தான் திருப்பினது.

ஊசிமுனை:
ஐயா, ஒரே ஸ்டேஷனுக்குப் போன டேப் எப்படி இந்தக் கணக்குல சேரும்? பற்பசைக் கம்பெனி காசு கொடுத்து ஒரு ஸ்டேஷன்ல நேரம் வாங்கினது ஸ்பான்சர் நிகழ்ச்சி. பல ஸ்டேஷனுக்குப் பிரதி அனுப்புறதுதான் நம்ம சங்கதி.

பட்டறை:
இதைத்தான் நானும் சொன்னேன்! பல ஸ்டேஷனுக்குப் பிரதின்னா அச்சு, அச்சுன்னா வினைல், வினைல்னா—

ஊசிமுனை:
பட்டறை, குறுக்க வராதீங்க.

கொழும்பான்:
ஒரு ஸ்டேஷன் எண்டாலும் ஒரு துணைக்கண்டம் கேட்டது. அதை எண்ணுறேல்லையோ?

தட்டுப்பித்தன்:
அண்ணே, இரண்டாம் உலகப்போர் சமயத்து ஏ.எஃப்.ஆர்.எஸ். (அமெரிக்கப் படைகளோட வானொலிச் சேவை) தட்டுகளுக்கு என்ன சொல்றீங்க? கமாண்ட் பெர்ஃபார்மன்ஸ், ஜி.ஐ. ஜைவ், ஜூபிலி எல்லாம் 16 அங்குலம், உங்க அருமை ட்ரான்ஸ்கிரிப்ஷன் டிஸ்க்தான். படை முகாம்களுக்கு அனுப்ப அச்சடிச்ச வினைல். ஓட்டி முடிச்சதும் அழிக்கணும்னு உத்தரவு, தப்பினதுதான் இன்னைக்கு விலைக்கு வருது. அதுல என் 20 சதவீதம் தாங்குமா, தாங்காதா? ஆமா இல்லைன்னு சொல்லுங்க.

ஊசிமுனை:
முதல்ல உங்க 20 சதவீதமே 20 இல்ல. அந்த இழையில நீங்க எழுதின அளவு: ஸ்பிரிட் 20 மி.லி., தண்ணி 80 மி.லி. மருந்துக்கடையில கிடைக்கிறது 70 சதவீதச் சரக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ ஆல்கஹால் 14 மி.லி.தான். 20 வேணும்னா 200 மி.லி.க்கு 500 மி.லி. தண்ணி சேர்க்கணும். கணக்கே தெரியாம வைத்தியம்.

தட்டுப்பித்தன்:
14-னா இன்னும் நல்லதுதானே, தட்டுக்குப் பாதுகாப்பு கூடுது. உங்க வாதம் எனக்குத்தான் சாதகம்.

ஊசிமுனை:
கணக்கு தப்புன்னு ஒத்துக்கிறீங்களா?

தட்டுப்பித்தன்:
தட்டு கெடாதுன்னு நீங்க ஒத்துக்கிறீங்களா?

ரீல்ராஜா:
ரெண்டு பேருக்கும் ஒரு தகவல். சர்ஜிக்கல் ஸ்பிரிட் கடைக்குக் கடை வேற. பிரிட்டிஷ் பார்மகோபியாங்கிற மருந்துத் தர நூலோட சூத்திரத்துல மெத்தில் சாலிசிலேட்டும் விளக்கெண்ணெயும் சேர்த்திருக்கு. ஆல்கஹால் காஞ்சதும் அந்த எண்ணெய் க்ரூவ் அடியில தங்கும், தூசு அதுலதான் ஒட்டும். லாக்கர்ல விளக்கெண்ணெய் வெளிய போகுதுன்னு ஒருத்தர் அழுறாரு, இன்னொருத்தர் விளக்கெண்ணெயை வினைலுக்குள்ள ஊத்துறாரு. கலப்பில்லாத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வாங்கத் தெரியாதவங்கதான் எங்க ரீலைக் குறை சொல்றாங்க.

ஊசிமுனை:
இதுவரைக்கும் இந்த இழையில ரீல்ராஜா சொன்ன ஒரே உருப்படியான விஷயம். ஆனா அதுவும் என் பக்கம்தான்.

ஸ்டேஷன்களுக்குத் தட்டு அனுப்பின வேர்ல்ட் பிராட்காஸ்டிங் கம்பெனியோட தட்டுகளைப் பத்தி யாராவது வாயைத் திறந்தீங்களா? அதுல க்ரூவ் மேலும் கீழுமா வெட்டினது, பக்கவாட்டுல இல்ல. சாதாரணமா மோனோவில ஓட்டினா பாட்டு கிணத்துக்குள்ள கேட்கும், இரைச்சல்தான் முன்னாடி நிக்கும். தேஞ்ச தட்டுன்னு நினைச்சு அழுத்தமாத் துடைப்பாங்க, ஸ்பிரிட்டைக் கூட்டுவாங்க. தட்டுல ஒரு குறையும் இருக்காது. ஊசி மாட்டியிருக்கிற ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ்ல ஒரு சேனலோட ரெண்டு கம்பியை மட்டும் மாத்திப் போட்டு, ரெண்டு சேனலையும் கூட்டினா பாட்டு எழுந்து வரும். ஈக்வலைசேஷனும், அதாவது வெட்டும்போது கூட்டின சுருதியை ஓட்டும்போது இறக்குற அளவும், இன்னைக்கு இருக்கிற ஆர்.ஐ.ஏ.ஏ. இல்ல, அது 1954-ல வந்தது. 40-கள்ல வந்த என்.ஏ.பி.ங்கிற ஒலிபரப்பாளர் சங்க அளவுல வெட்டின தட்டுல 10,000 ஹெர்ட்ஸ்ல சத்தத்தை 16 டெசிபல் தூக்கியிருக்கும், ஆர்.ஐ.ஏ.ஏ. 14-கிட்டதான் இறக்கும். மிச்சம் ரெண்டு டெசிபல் கீச்சும், இரைச்சலும் அதோட மேல வரும். அதையும் அழுக்குன்னு நினைச்சு ஸ்பிரிட். எல்லா வியாதிக்கும் ஒரே கஷாயம்.

தட்டுப்பித்தன்:
நான் ஏ.எஃப்.ஆர்.எஸ். வினைல் கேட்டேன். நீங்க வேர்ல்ட் பிராட்காஸ்டிங் போயிட்டீங்க. ஆமாவா, இல்லையா?

ஊசிமுனை:
அந்த ஏ.எஃப்.ஆர்.எஸ். தட்டு லாக்கர் இல்லைன்னு எப்படி முடிவு பண்ணினீங்க? ஸ்டேஷன்ல வெட்டின நகலும் 16 அங்குலம்தான்.

பட்டறை:
நடு ஓட்டை. விரல்.

கொழும்பான்:
பினாக்காவுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

தட்டுப்பித்தன்:
லேபிள் அச்சுல இருக்கு, நிகழ்ச்சி எண் அச்சுல இருக்கு, கூடுதல் ஓட்டை இல்ல. 14 சதவீதம் தாங்கும்.

ஊசிமுனை:
இப்போ 14 ஆயிடுச்சா? மேல 20-னு இருக்கு. அந்த இழையைத் திருத்துங்க, "எதுவா இருந்தாலும் சரி"யையும் எடுங்க. அதுக்கு அப்புறம் பேசலாம்.

தட்டுப்பித்தன்:
திருத்த மாட்டேன். திருத்துற நேரமும் தாண்டிப் போச்சு.

ரீல்ராஜா:
டீஹைட்ரேட்டர் எந்த வாட்டேஜ்னு தனிச் செய்தியில மூணு பேர் கேட்டிருக்கீங்க. வாட்டேஜ் முக்கியமில்ல, உள்ள காத்து சுத்தணும், 10½ அங்குல ரீல் உள்ள நுழையணும். வட்டத் தட்டு மாதிரியோட நடுக்குழாயை வெட்டினாத்தான் நுழையும்.

ஊசிமுனை:
நடுக்குழாயை வெட்டினா காத்து எப்படிச் சுத்தும் ரீல்ராஜா? அதுக்கும் தனி இழை போடணுமா?