பிளேனோவில் வீட்டு வரி இவ்வளவு கட்டியும் ஸ்கூலை ஏன் மூடுறாங்க?

கிண்டர்அம்மா:
டெக்சஸ் பிளேனோவில் வீடு பார்த்துட்டு இருக்கோம். பையன் ஆகஸ்ட்ல கிண்டர்கார்டன். பிடிச்ச வீட்டுக்கு வர்ற எலிமென்டரிக்கு மாநிலம் கொடுத்த 'ஏ' ரேட்டிங். ஆனா இந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல ஸ்கூலையே மூடுறாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் பயமுறுத்துறார். பிராப்பர்ட்டி டாக்ஸைப் பார்த்தா தலை சுத்துது. அவ்வளவு வாங்கியுமா?

பழையபிளேனோ:
அவர் சொன்னது நெசம்தாம்மா. 2024 ஜூன்ல போர்டு ஓட்டெடுத்து டேவிஸ், ஃபோர்மன் எலிமென்டரி, ஆம்ஸ்ட்ராங், கார்பெண்டர் மிடில் ஸ்கூல் நாலையும் 2024-25 முடிஞ்சதும் மூடினாங்க. படிப்பு மோசம்னு இல்ல, பிள்ளைங்க இல்ல. எங்க தெருவுல எல்லார் பிள்ளைங்களும் காலேஜ் தாண்டியாச்சு, யாரும் வீட்டை விக்கல. சின்னப் பிள்ளைக்காரங்க இந்த விலை கட்டுபடியாகாம செலினா, பிரின்ஸ்டன்னு தள்ளியிருக்கிற ஊருக்குப் போறாங்க.

இங்க டிஸ்ட்ரிக்ட் கையில எவ்வளவு நிக்கும்கிறது தலைக்கணக்கு. அதுவும் சேர்க்கை இல்ல, சராசரி வருகை. டிசம்பர்ல லீவு விடறதுக்கு முன்னாடியே ஊருக்குக் கிளம்பிடறோமே, அந்த நாளெல்லாம் கணக்குல விழாது! ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு மாநிலம் வச்ச அடிப்படைத் தொகை 2019லேருந்து 6,160 டாலராவே இருந்துச்சு. அதுக்கப்புறம் விலைவாசி எங்கயோ போயிடுச்சு. 2025ல ஏத்தினது 55 டாலர். இந்தத் தலைக்கணக்குப்படி நம்ம டிஸ்ட்ரிக்ட்டுக்குச் சேரவேண்டியதுக்கு மேல வசூலாகிற வரி, 1993 சட்டப்படி மாநிலத்துக்குப் போயிடும். ராபின் ஹூட்னு சொல்றாங்களே, அதான். பிள்ளை குறைஞ்சா நமக்கு வரவேண்டியது குறையும், வீட்டு விலை குறையாது, மாநிலத்துக்குப் போறது கூடும்.

ஃபிரிஸ்கோவாசி:
அப்ப பாண்டு, அதாவது கடன் பத்திரம் போட்டு கட்டடம் மட்டும் கட்டுறாங்களே அண்ணா?

பழையபிளேனோ:
அந்தக் கடனை அடைக்கிறதுக்கு வேற வரி விகிதம் தம்பி. அந்தக் காசுல சம்பளம் கொடுக்கக் கூடாது. சம்பளத்துக்கான விகிதத்தை ஒரு அளவுக்கு மேல ஏத்தணும்னா மக்கள்கிட்ட ஓட்டு கேக்கணும். 2024 நவம்பர்ல உங்க ஃபிரிஸ்கோவுலயே கேட்டாங்க, தோத்துப்போச்சு. நம்மாளுங்க எத்தனை பேர் போய்ப் போட்டோம்னு தெரியல.

மூணாம்கிளாஸ்டீச்சர்:
அந்த 'ஏ'வை மட்டும் நம்பி வீடு வாங்காதீங்க, அதை நினைச்சுக் கவலையும் படாதீங்க. எலிமென்டரியில அது மூணு, நாலு, அஞ்சாம் வகுப்புக்கு மாநிலம் வைக்கிற ஸ்டார் (STAAR) பரீட்சையை வச்சு வர்றது. உங்க பையன் மூணாம் வகுப்புப் பரீட்சை எழுதவே இன்னும் கிட்டத்தட்ட நாலு வருஷம் இருக்கு. 2023, 2024 ரேட்டிங் கோர்ட்டுல கிடந்து 2025லதான் வந்துச்சு, அதனால வீடு விக்கிற ஆப்ல இருக்கிறது எந்த வருஷம்னு பாருங்க. மூடுவாங்களான்னு தெரியணும்னா கட்டடம் எத்தனை பேருக்கு, எத்தனை பேர் இருக்காங்கன்னு பாருங்க. பாதி காலின்னா யோசிங்க.

கிண்டர்அம்மா:
அது எங்க கிடைக்கும் அக்கா?

மூணாம்கிளாஸ்டீச்சர்:
போர்டு மீட்டிங் அஜெண்டாவுல டெமோகிராபர் ரிப்போர்ட்னு தேடுங்க. ஸ்கூல்வாரியா அடுத்த சில வருஷத்துக்கு மதிப்பீடு இருக்கும். ரியல்ட்டர் தரமாட்டார்.