அயிலை செவுளுக்குள்ள பூச்சி. குழம்பைக் கொட்டணுமா?

செல்லூர் மருமக: காலையில ஒரு கிலோ அயிலை வாங்கினேன், ராமேஸ்வரம் லோடுன்னாங்க. ஆயும்போது கடைசி மீனோட செவுளைத் தூக்கினா, உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடப் பெருசா வெளிறின மஞ்சள்ல ஒரு பூச்சி. சுண்டினா வரல, கத்தி முனையால நெம்பித்தான் எடுத்தேன். மத்த மீனெல்லாம் அடுப்புல கொதிக்குது. அத்தை கொட்டிருங்கறாங்க. என்ன பூச்சிங்க இது?

வைகைக்கரையான்: யக்கா, அது மீனோட நாக்கைத் தின்னுட்டு நாக்கா உக்காந்துக்குற பூச்சி! வீடியோல பாத்தேன்.

பழைய விலங்கியல் வாத்தியார்: பொறுங்க தம்பி. வீடியோவுல வர்றது மெக்சிகோ பக்கத்துப் பசிபிக் கடல்ல இருக்குற சைமோதோவா எக்ஸிகுவா. அது குடியிருக்குறது வாயில. இவங்களுக்குக் கிடைச்சது செவுள்ல. ஒட்டுண்ணியில எங்க உக்காந்திருந்துச்சுங்குறதே பாதி அடையாளம். தோல்லயும் துடுப்புலயும் வெளியவே தொத்திக்கிட்டு இருந்தா பெரும்பாலும் நெரோசிலாங்குற பூச்சி. தலை சதைக்குள்ள புதைஞ்சு, வெளியே நூல் மாதிரி தொங்கினா அது கோபிபாட்ங்குற வேற ஒட்டுண்ணிக் கூட்டம்.

அம்மா, புரட்டிப் போட்டுக் காலை எண்ணுங்க. உடம்பு நேரா இருக்கா, ஒரு பக்கமாத் திருகியிருக்கா? கூட இன்னொண்ணு இருந்துச்சா?

செல்லூர் மருமக: ஊசியை வச்சு எண்ணினேன் சார். பக்கத்துக்கு ஏழு, ஒவ்வொண்ணு நுனியிலயும் தூண்டில் முள் மாதிரி கொக்கி. உடம்பு இடது பக்கமா வளைஞ்சிருக்கு. அடிவயித்துல பை மாதிரி இருந்ததைக் குத்தினா ரவை ரவையாக் கொட்டுது. எதிர்ப்பக்கச் செவுள்ல சின்னதா இன்னொண்ணும் இருக்கு!

பழைய விலங்கியல் வாத்தியார்: ஏழு ஜோடிக் கால், அப்ப ஐசோபாட்தான். இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். செவுள்ல இருக்கு, உடம்பும் திருகல், மீனும் அயிலை. நோரிலிகா இண்டிகாவாத்தான் இருக்கணும்; நம்ம கடல்ல அயிலையோட செவுள்ல அதைப் பார்த்துப் பதிவு பண்ணியிருக்காங்க. பெருசு பொம்பளை, ரவையெல்லாம் அதோட பிள்ளைங்க. சின்னது ஆம்பளை. இந்தக் குடும்பமே முதல்ல ஆணா இருந்து, அப்புறம் பெண்ணா மாறுறது. இனத்தை உறுதியாச் சொல்லணும்னா லென்சுல வாயுறுப்பையும் பாக்கணும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்ல போட்டு வைங்க. ஃபார்மலின் வேண்டாம்.

செல்லூர் மருமக: குழம்பு சார்?

பழைய விலங்கியல் வாத்தியார்: தாராளமாச் சாப்பிடுங்க. மனுச உடம்புல ஒட்டிப் பிழைக்குற ஜாதி இல்ல இது. பூச்சி உக்காந்த பக்கம் செவுள் வெளுத்து அரிச்சாப்புல இருக்கும். அதைப் பாத்துட்டுக் கெட்ட மீன்னு மீன்காரக்காகிட்ட சண்டைக்குப் போயிராதீங்க. கண்ணையும் பாருங்க, சதையையும் அமுக்கிப் பாருங்க.

செல்லூர் மருமக: அதான் போயிட்டு வந்துட்டேனே சார்!

கொட்டல. அத்தையே ரெண்டு துண்டு வாங்கிக்கிட்டாங்க. பூச்சி பாட்டிலை மட்டும் பூஜை ரூம் பக்கம் வைக்கக் கூடாதாம்.